வலது சக்கரத்தைத் திறக்க வேண்டாம்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலியும், அவள் என்னைத் திட்டுவதும் வழக்கம்போல நடக்கின்றன. உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தாய். இரும்பு வெட்டும்போது மூக்கில் துணி கட்டுகிறாயா, இல்லை அங்கேயும் வீரம் காட்டுகிறாயா?

எனக்குத் தலைக்கு மேல் வேலை. ஊரில் தையல் மெஷின் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் கெடுக்கிறார்கள். மேட்டுத் தெரு யூனிபார்ம் கம்பெனியில் மட்டும் ஒன்பது மெஷின். நூல் அறுந்தால்கூட "மெஷின் அக்காவைக் கூப்பிடு" என்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வண்டியின் பின் பிரேக் தளர்ந்துவிட்டது. மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கார் ஆக்ஸிலை வைத்து இரண்டு சக்கரம் பூட்டி, வராத என் வலது காலுக்குப் பதிலாகக் கையால் இழுக்கும் லீவர் வைத்து நீ அதை என்னிடம் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை நான் அதை ஒரு குறை சொன்னதில்லை. இப்போது லீவரை எவ்வளவு இழுத்தாலும் சரியாகப் பிடிக்கவில்லை. பட்டறை கிரீஸ் அண்ணன் இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் ஷூ தேய்ந்து ரிவிட் தெரிகிறது. இரும்பே வளைந்துவிட்டதாம், மேலே புது லைனிங் அடித்துப் பயனில்லை என்கிறார்.

அவரும் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டார். மோட்டார் சைக்கிள் என்றால் உள்ளங்கை அளவு ஷூவை எடுத்துப் போடுகிறார்களாம். கார் என்றால் எந்தக் கார் என்கிறார்களாம். பாதிக்குப் பாதி என்று சொன்னதும் ஒருவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து இவருக்கு ஜுரமா என்று பார்த்தாராம்.

அளவு எழுதிக்கொள். ஷூ உரசும் டிரம்மின் உள்விட்டம் நூற்று எண்பது மில்லி. ஷூவின் அகலம் முப்பது. ஒரே காரின் ஆக்ஸில், முழுசாக அப்படியே எடுத்து மாட்டியது என்று நீ சொல்லியிருக்கிறாய். அதனால் இதே அளவில் இரண்டு பக்கத்துக்கும் தேடி அனுப்பு. நீ இருப்பது கார்களின் சுடுகாட்டில்தானே, உனக்கா கிடைக்காது?

எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். தாள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இருமல் போய்விட்டது, கவலை வேண்டாம். அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

பிரேக் விஷயத்தை நேற்றிலிருந்து நான்கு முறை படித்துவிட்டேன். நீ முதலில் ஒன்று செய். மேட்டுத் தெருச் சரிவில் வண்டியை இறக்காதே. யூனிபார்ம் கம்பெனிக்காரர்களை மெஷினைக் கீழே கொண்டுவரச் சொல். முடிந்தால் பிரேக் வரும்வரை வண்டியையே எடுக்காதே.

இங்கே நானூறு வண்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. உடைப்பதற்குள் ஒவ்வொன்றின் அடியிலும் படுத்துப் பார்க்கிறேன். நீ எழுதிய அளவு சின்னக் காருடையது. அது கிடைத்துவிடும். சூப்பர்வைசரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அவர் தன் மேசைப் போனைப் பூட்டி வைத்திருப்பதுபோல எல்லாவற்றையும் பூட்டி வைப்பவர், ஆனால் கேட்டால் தருவார்.

இன்னொன்று. வலது சக்கரத்தைத் திறக்க வேண்டாம். கிரீஸ் அண்ணன் ஆசைப்பட்டாலும் விடாதே. திறந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் வடிந்து பேரிங் போய்விடும். இடது மட்டும் போதும்.

லீவரை இழுக்கும்போது வண்டி நேராக நிற்கிறதா, ஏதாவது ஒரு பக்கம் இழுக்கிறதா? அதை மட்டும் மறக்காமல் எழுது. உடனே எழுது.

அன்புத் தம்பி


மார்ச் 2

என் அருமைத் தம்பிக்கு,

அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். நீ பயந்து எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. வாசித்தால் வண்டிக்குச் சங்கிலி போட்டுவிடுவாள்.

வண்டியை எடுக்காதே என்று எழுதுகிறாய். சாப்பிடாதே என்று சொல்வதுபோல இருக்கிறது. வண்டி வருவதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். யாராவது வந்து ஏற்றிக்கொண்டு போனால் வேலை. மறந்துவிட்டால் ஜன்னல். வேலை முடிந்தபிறகு அடுத்தவன் வீட்டு வாசலில் கருவிப்பெட்டியோடு உட்கார்ந்து, கூட்டிப் போக ஆள் வருகிறானா என்று தெருவைப் பார்த்திருக்கிறேன். அந்த உட்காரல் எனக்கு இனி வேண்டாம்.

அதனால் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தையல் வகுப்பின் பன்னிரண்டு மெஷினையும் பிரித்து எண்ணெய் விட்டேன். திரும்பும்போது மேட்டுத் தெருச் சரிவில்தான் இறங்கினேன். இரண்டாவது கியரில், முன் பிரேக்கைத் தடவித் தடவி. மருந்துக் கடை, சலவைக் கடை, அந்தப் பச்சைக் கேட் வீடு எல்லாம் வரிசையாக வந்து போயின. காற்று நன்றாக இருந்தது.

வண்டி நேராகத்தான் நிற்கிறது. ஏன் கேட்கிறாய்? ஒரு பக்கம் இழுக்கக் காரணம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுது.

கிரீஸ் வடிந்து பேரிங் போய்விடும் என்று எழுதியதைக் கிரீஸ் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "தம்பி அங்க போயி ரொம்பப் படிச்சிருச்சு போல"ன்னு மட்டும் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 14

மரியாதைக்குரிய கிரீஸ் அண்ணனுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பட்டறைக் கூரை போன மழைக்குப் பறந்ததாக அக்கா எழுதியிருந்தாள். சரி செய்துவிட்டீர்களா?

அண்ணா, இந்தக் கடிதம் அக்கா கண்ணில் படக்கூடாது. உங்களை நம்பி எழுதுகிறேன்.

அக்கா வண்டியின் ஆக்ஸில் ஒரே ஆக்ஸில் இல்லை. சின்னக் காரிலிருந்து எடுத்ததில் வலது பாதி வளைந்திருந்தது. வேறு தேட எனக்கு நாள் இல்லை. வேலைக்குக் கிளம்ப நான்கு நாள்தான் இருந்தது. கிடைத்த ஒரு பழைய சரக்கு வேனின் வலது பாதியை வெட்டி நடுவில் சேர்த்து வெல்டிங் வைத்தேன். வெல்டிங் நன்றாக வைத்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேனின் டிரம் பெரியது. இரண்டும் ஒன்றுபோலப் பிடிக்கும்படி கேபிளை ஏற்றி இறக்கிச் சமன் செய்து, மேலே ஒரே மாதிரி மூடி போட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஷூ புதிதாக இருக்கும்வரை சரி. இடது பக்கம் தேய்ந்துவிட்டால் பெரிய டிரம் முந்திக்கொள்ளும். சரிவில் வேகமாக லீவரை இழுத்தால் வண்டி வலது பக்கம் சுண்டும். மூன்று சக்கர வண்டி கவிழ எவ்வளவு நேரம், அண்ணா?

நீங்கள் இரண்டு உதவி செய்ய வேண்டும். அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து வலது டிரம்மை அளந்து எழுதுங்கள். அந்த வேன் இப்போது எங்கேயும் தயாரிப்பில் இல்லை, அளவு இல்லாமல் தேட முடியாது. இரண்டாவது, ஏதாவது காரணம் சொல்லி வண்டியை ஓடவிடாமல் செய்யுங்கள். செயினைக் கழற்றி வையுங்கள், கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லுங்கள். என் பெயர் வர வேண்டாம்.

பணிவுடன்,
உங்கள் தம்பி போன்றவன்


ஏப்ரல் 1

தம்பிக்குப் பட்டறை அண்ணன் எழுதிக்கொள்வது.

நலம். நீ அங்கே நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். ஸ்பேனர் பிடித்த கையில் பேனா நிற்கவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கூரை போட்டாகிவிட்டது.

வலது டிரம் இருநூற்று முப்பது மில்லி. ஷூ அகலம் நாற்பத்தைந்து. சரியான அளவு, இருமுறை பார்த்தது.

வண்டியை ஓடவிடாமல் செய்யச் சொல்கிறாய். அந்தக் கவலை உனக்கு வேண்டாம். இதற்கு மேல் அதைப்பற்றி என்னைக் கேட்காதே, நான் சொல்ல மாட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மத்தளம்போல இரண்டு பக்கமும் வாங்குகிறேன்.

ஒன்று மட்டும் என் வாய்க்கு வந்ததை எழுதிவிடுகிறேன். உங்கள் அக்கா பதினேழு வருஷமாக மெஷின் பிரிக்கிறவள். ஊசி அரை நூல் தள்ளி இறங்கினால் சத்தத்தை வைத்தே சொல்வாள். அவளிடம் மூடி போட்டுப் பெயிண்ட் அடித்ததெல்லாம் எத்தனை நாளைக்கு ஓடும் என்று நீயே யோசி. எதுவாக இருந்தாலும் நீயே அவளுக்கு எழுதிவிடு. சீக்கிரம் எழுது.

உன் அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு
அண்ணன்


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அம்மாவுக்கு முழங்காலில் தடவ ஒரு தைலம் பார்சலில் வைத்திருக்கிறேன். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல், பயங்கர எரிச்சல்.

அதே பார்சலில் இடது பக்கத்துக்கு இரண்டு ஷூவும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. நூற்று எண்பதுக்கு முப்பது. மூன்று கார் பிரித்து, அதில் தேயாததாகப் பார்த்து எடுத்தேன். சூப்பர்வைசர் நின்று பார்த்துவிட்டு, "யாருக்குப்பா இவ்ளோ பாசமா எடுக்கற?"ன்னு கேட்டார். அக்காவுக்கு என்றேன்.

வலது பக்கத்து ஷூ இதில் இல்லை. அது கொஞ்சம் பெரிய அளவு. சில கம்பெனிகள் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் செய்கிறார்கள், பாரம் ஒரு பக்கம் அதிகம் வரும் என்பதற்காக. அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்றுவரை அந்த மாதிரி வண்டி இரண்டுதான் வந்தன. ஒன்று தீயில் எரிந்த வண்டி, ஷூ கரியாக இருந்தது. இன்னொன்றில் டிரம்மே இல்லை, யாரோ முந்திக்கொண்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து யார்டுகளுக்கும் போய் வருகிறேன்.

அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இடது ஷூவை மட்டும் மாட்டிவிட்டு ஓட்டாதே. வலதும் வரட்டும், இரண்டையும் சேர்த்து மாட்டிக் கேபிளை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். அதுவரை வண்டி நிற்கட்டும். ஏன் என்று கேட்காதே, நான் சொன்னால் கேள்.

தம்பி


மே 5

தம்பிக்கு,

நலம். பார்சல் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தைலம் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. தெருவே மணக்கிறது.

ஒரு காருக்கு இடது பக்கம் ஓர் அளவிலும் வலது பக்கம் ஓர் அளவிலும் பிரேக் வைக்கும் கம்பெனி இருக்கிறது என்பதை நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

காத்திருக்க எனக்கு நேரம் இல்லை. இடது ஷூவை மாட்டச் சொல்லிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை மேட்டுத் தெருக் கண் டாக்டரிடம் அம்மாவைக் காட்ட வேண்டும். பின் சீட்டில் உட்காரவைத்து நானே கூட்டிப் போகிறேன். மத்தியானத்துக்குள் சரிவில் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவோம்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் எழுது.

அக்கா


மே 16

அக்கா,

கடிதத்தை இப்போதுதான் பிரித்தேன். நீ சொன்ன திங்கட்கிழமை போய் நான்கு நாள் ஆகிறது. தேதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

வேலையைப் போட்டுவிட்டுத் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்த விஷயத்தை எத்தனை வார்த்தையில் எழுதுவது? "ஓட்டாதே" என்று மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். அதைப் பார்த்தால், வழக்கமான புலம்பல் என்று ஓரமாக வைத்துவிடுவாய். அதனால் இதை எழுதுகிறேன்.

கம்பெனி அப்படிச் செய்யவில்லை அக்கா. நான்தான் செய்தேன். உன் வண்டியில் இருப்பது இரண்டு ஆக்ஸில். இடது பாதி காருடையது, வலது பாதி சரக்கு வேனுடையது. காரின் வலது பாதி வளைந்திருந்தது. எனக்கு டிக்கெட் வந்துவிட்டது. வெட்டி ஒட்டினேன். உனக்குத் தெரியக்கூடாது என்று மூடி போட்டேன். பின்னால் வருகிறவன் பார்த்தால்கூட இரண்டும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்று இரண்டு கோட் பெயிண்ட் அடித்தேன். இடது ஷூ தேய்ந்தாலும் ஆபத்து, ஒரு பக்கம் மட்டும் புதிதாக மாட்டினாலும் ஆபத்து. லீவரை வேகமாக இழுத்தால் வண்டி சுண்டிக் கவிழும். வலது சக்கரத்தைத் திறக்க வேண்டாம் என்று எழுதியதும் இதற்காகத்தான். பேரிங்குக்கு ஒன்றும் ஆகாது.

ஆறு மாதத்தில் லீவில் வந்து நல்ல ஆக்ஸில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஆறு மாதம் இரண்டு வருஷமானது. நடுவில் நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் வண்டியைப்பற்றி ஒரு வரி இருந்தது. அங்கே போனேன், இங்கே போனேன், யாரையும் கேட்கவில்லை என்று. அதைப் படித்துவிட்டு உண்மையை எழுத எனக்கு மனசு வரவில்லை. நான் உனக்குச் செய்து கொடுத்த ஒரே பொருள் அது. அது முழுசாக நல்லது என்று நீ நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இந்தப் பிப்ரவரியிலிருந்து எத்தனையோ முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ அந்தச் சரிவில் இறங்குகிறாய் என்று தெரிந்தும் எழுதவில்லை. இதற்கு மேல் என்னைப்பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

நீயும் அம்மாவும் நன்றாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

தம்பி


ஜூன் 6

அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது, ஒரு வரி இல்லை. கிரீஸ் அண்ணனுக்குப் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை. தபால்காரன் பையை இறக்கும்போது கேட்டருகே போய் நிற்கிறேன். அவன் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுகிறான், பையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே.

வேன் ஷூ கிடைத்துவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில் சக்கரம் இல்லாமல் கல்லின்மேல் நிறுத்தி வைத்திருந்த வேன். அதற்குள் தீவனம் கொட்டி வைத்திருந்தார்கள். பண்ணைக்காரரிடம் எதற்கு என்று சொன்னதும் அவரே ஜாக்கி கொண்டுவந்தார். வேனின் கூட்டில் ஏறிய துரு எதுவும் ஷூவில் இல்லை. இருநூற்று முப்பது, நாற்பத்தைந்து. மூன்று முறை அளந்தேன். இன்று அனுப்பிவிட்டேன்.

அம்மா, அக்காவால் எழுத முடியாத நிலை என்றால் நீங்கள் யாரையாவது விட்டு எழுதச் சொல்லுங்கள். எதையும் மறைக்க வேண்டாம்.

மகன்


ஜூன் 20

அன்புள்ள தம்பி,

அம்மா சுகம். நானும் உயிரோடுதான் இருக்கிறேன். முதலில் இதைப் படித்து மூச்சு விட்டுக்கொள்.

உன் தந்தி வந்த அன்று தபால்காரர் முகத்தைப் பார்த்து அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பிரித்தோம். உள்ளே ஒரே ஒரு வார்த்தை. அம்மா அன்று உன்னைத் திட்டியது நீ இருக்கும் ஊருக்கே கேட்டிருக்கும்.

இனி நான் சொல்ல வேண்டியது. நான் வண்டியை ஓட்டவில்லை. ஜனவரி இருபத்தாறாம் தேதியோடு நிறுத்திவிட்டேன். அன்று மேட்டுத் தெருச் சரிவில் ஒரு குழந்தை பந்தைப் பிடிக்க ஓடிவந்தது. லீவரை முழுசாக இழுத்தேன். வண்டி வலது பக்கம் சுண்டி இடது பக்கம் கவிழ்ந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. எனக்கு இடது தோள் எலும்பு முறிந்தது. முதல் கடிதத்தை, இடது கையைக் கழுத்திலிருந்து தொட்டில் கட்டிய நிலையில் எழுதினேன், தாளைப் பிடிக்க இன்னொரு கை இல்லை. மறுநாளே கிரீஸ் அண்ணன் இரண்டு சக்கரத்தையும் கழற்றி என் முன்னால் வைத்தார். இரண்டு டிரம்மையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். பக்கெட்டும் செம்பும்போல இருந்தன.

பள்ளிக்கூடத்துக்குப் போனதும் பொய், சரிவில் இறங்கியதும் பொய். அம்மாவுக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. இந்த ஐந்து மாதமும் மெஷின்கள்தான் என்னிடம் வந்தன. வராதவை வேறு ஆளிடம் போய்விட்டன. நான் ஜன்னலருகே உட்கார்ந்து, போகாத தெருக்களை உனக்கு எழுதினேன். எழுதும்போது அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இடது அளவை மட்டும் வேண்டுமென்றேதான் அனுப்பினேன். வலது பக்கத்தைப்பற்றி நீயாக வாயைத் திறக்கிறாயா என்று பார்க்க. முதல் கடிதத்துக்கே திறப்பாய் என்று நினைத்தேன். கிரீஸ் வடியும் என்றாய், கம்பெனி என்றாய். காதில் பூ சுற்றியது போதாதென்று மாலையே கட்டினாய். கிரீஸ் அண்ணன் உன் கடிதத்தை எனக்குக் காட்டவில்லை. ஆனால் அவர் இரண்டாவது முறை டிரம்மை அளக்க வந்து என் முகத்தைப் பார்க்காமல் நின்றபோதே புரிந்துவிட்டது. அவருக்கு எழுத உன்னால் முடிந்தது, எனக்கு எழுத முடியவில்லை. அம்மாவை ஏற்றிப் போகிறேன் என்று நான் எழுதியது தப்பு. அவ்வளவு தூரம் போயிருக்கக் கூடாது. ஆனால் அதுவரை போன பிறகுதான் நீ வாயைத் திறந்தாய்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து நான்கு தாளைக் கிழித்தேன். திட்டாக வந்தது. இப்போதும் கோபம் போகவில்லை. வெட்டி ஒட்டியதற்குக் கோபம் இல்லையடா. நாள் இல்லை, வேறு கிடைக்கவில்லை. "அக்கா, இது இப்படித்தான் இருக்கு, பாத்து ஓட்டு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதையும் சந்தோஷமாகத்தான் ஓட்டியிருப்பேன். மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்திருப்பேன். அன்று லீவரைப் பாதி இழுத்து, முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்திருப்பேன். எனக்குப் பிரேக் பிடிக்கத் தெரியும். எதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் தெரியவில்லை.

வேன் ஷூ நேற்று வந்தது. இரண்டு பக்கமும் மாட்டியாகிவிட்டது. கிரீஸ் அண்ணன் கேபிளைச் சமன் செய்து நான்கு தெரு சுற்றிவிட்டு வந்து, கோடு போட்டதுபோல நிற்கிறது என்றார். வெல்டிங்கையும் தட்டிப் பார்த்தார். நல்ல வெல்டிங்தானாம். இன்று காலை நான் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்தேன். கியர் போட வேண்டிய இடது கால் அசையவில்லை. அது நன்றாக இருக்கிற கால். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு இன்ஜினை நிறுத்தி இறங்கிவிட்டேன்.

உட்கார்ந்திருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. நீ வண்டியை முடித்த அன்று அம்மாவை ஏற்றி ஒரு சுற்று போனேன். பக்கத்து வீட்டுக்காரியை ஏற்றி ஒரு சுற்று. உன்னையும் ஏறச் சொன்னேன். "பெட்டி கட்டணும்க்கா"ன்னு உள்ளே போய்விட்டாய். நீ செய்த வண்டியில் என் பின்னால் நீ ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

அதனால் லீவு கேள். சூப்பர்வைசரிடம் என்ன சொல்வாயோ எனக்குத் தெரியாது. வந்து ஆக்ஸிலை மாற்றுவேன், பெயிண்ட் அடிப்பேன் என்று கருவிகளைத் தூக்கிக்கொண்டு வராதே. வண்டிக்கு முன்னால் நின்று வா வா என்று கையாட்டவும் வேண்டாம். பின் சீட்டில் ஏறி உட்கார். நான் மேட்டுத் தெருவில் ஏறித் திருப்பி, சரிவில் இறக்குவேன். பாதிச் சரிவில், வேகத்தோடு, லீவரை முழுசாக இழுப்பேன். அந்த நேரத்தில் நீயும் அந்த ஆக்ஸிலுக்கு மேலே இருக்க வேண்டும்.

வருகிற தேதியை எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறதடா, வேறு யாரோடும் நான் ஏற மாட்டேன்.

உன் அக்கா